நான்கு முடிச்சும் நீலத் தாழியும்

விஷக்காய்ச்சல் என்னைப் பதினொரு நாள் கிடத்திவிட்டுப் போனது. எழுந்தபின் பசி வந்தது, நடை வந்தது, மூக்கு மட்டும் வரவில்லை. நாற்பத்திரண்டு நாள் எண்ணிப் பார்த்தேன். மிளகு ரசமும் வெந்நீரும் ஒன்றாகவே இருந்தன.

சாயக்காரனுக்கு மூக்குதான் பிழைப்பு. அவுரியும் தகரை விதையும் சுண்ணாம்பும் தாழியில் புளித்து, நாற்றம் ஒரு பதத்துக்கு வந்தபிறகே பட்டு நூலை நனைக்க வேண்டும். முந்தினால் நீலம் பிடிக்காது, பிந்தினால் பட்டு இற்றுவிடும். காய்ச்சலுக்குப் பின் வந்த முதல் வேலையாக, முள்ளிப்பட்டு நெசவாளர் ஒருவர் தம் மகளின் கல்யாணச் சேலைக்குப் பன்னிரண்டு சிட்டம் பட்டு நூல் கொடுத்திருந்தார்.

மூக்கைப் பழக்க என் மனைவி லவங்கம், ஓமம், சுக்கு, கற்பூரம் என்று துணியில் நான்கு முடிச்சு கட்டினாள். இரு வேளையும் நான் கண்ணை மூடிக்கொள்ள, ஒவ்வொன்றாக மூக்கடியில் பிடிப்பாள். முடிச்சுக்கு இருபது மூச்சு. அப்படிப் பழகிய பத்தொன்பதாம் நாள் நான்கையும் பிசகாமல் சொன்னேன். உடனே நெசவாளரை வரச்சொல்லி ஆள் அனுப்பினேன்.

மறுநாள் காலையும் கடகடவென்று சொன்னேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"ஏங்க, இன்னிக்கி நாலு முடிச்சிலயும் வெறும் புளியங்கொட்டைதாங்க! நீங்க எங்க மோந்தீங்க? எண்ணிகினு இல்ல இருந்தீங்க!"

வாஸ்தவம். வரிசை எனக்கு மனப்பாடம்.

அதற்குள் நெசவாளர் வந்துவிட்டார். "என்னாண்ணே, பட்ட எறக்கலாமா?"

அந்தப் பன்னிரண்டு சிட்டத்தை நினைத்தேன். மறைக்க முடியவில்லை. "தம்பி, எனக்கு மூக்கு போயி அறுபத்திரெண்டு நாளாச்சு."

"அதான பாத்தேன்! தெருவே மூக்கப் பொத்திகினு ஓடுது, நீங்க தாழியாண்ட குந்திகினு வெத்தல போடுறீங்களேன்னு!"

என் மனைவி தாழிமேல் குனிந்து முகர்ந்தாள். "இன்னும் ரெண்டு நாளு போவணும். முப்பத்திநாலு வருஷமா இந்த நாத்தத்தோடதான் சோறு துன்னுகினு இருக்கேன். எனக்குத் தெரியாதா?"

மூன்றாம் நாள் அவள் சொன்ன நேரத்தில் இறக்கினோம். பச்சையாக வெளியே வந்த பட்டு, காற்றுப் பட்டதும் நீலமானது. பன்னிரண்டும் பழுதில்லை.

முடிச்சு முகர்வதை விடவில்லை. ஆனால் வரிசையைத் தினமும் மாற்றிவிடுவாள். மூக்கு போன நூற்றுப் பதினாலாம் நாள் தாழியைத் திறந்ததும் என் கை தானாக மூக்கைப் பொத்தியது.

"அடியே, நாறுதுடி!" என்று கத்தினேன்.

அவள் ஓடிவந்து கையோடு ஒரு முடிச்சை நீட்டினாள். இருபது மூச்சு இழுத்தேன். ஒன்றுமே தெரியவில்லை. அது லவங்கமாம். போகட்டும், பெரிய நாற்றம் வந்துவிட்டது, சின்ன வாசனை மெதுவாக வரட்டும்.

தாழியில் பதம் பார்ப்பது மட்டும் இன்றுவரை அவள்தான்.