எங்கள் வாசலில் ஒரு கோலம்

அடுத்த வீட்டுப் பிள்ளைகள் நேற்று ஊருக்குப் போகும்போது சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். போன வாரம்தான் எங்கள் வண்ணார்பேட்டைத் தெருவில் ஒரு வீட்டுப் பூட்டை உடைத்திருந்தார்கள். சாவியை வாங்கியதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. "கேமரா இருக்கு, போலீசு இருக்கு, ஒங்களுக்கு என்னப்பா?" என்கிறான் மகன். அவனுக்கு அந்தக் கோலம் தெரியாது.

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது நாங்கள் பாளையங்கோட்டையில் இருந்தோம். தாத்தாவுக்கு உடம்பு முடியாமல் அவசரமாக மணிமுத்தாறு கிளம்பினோம். பீரோவில் அக்கா கல்யாணத்துக்குச் சேர்த்த நகை. அப்பா காவல் நிலையத்தில் சொல்லிவிட்டு வந்து, "இனி அவுக பாத்துக்கிடுவாக" என்றார். அம்மாவுக்கு அது போதவில்லை. அடுத்த வீட்டு அத்தையிடம் சாவியைக் கொடுத்து, "ஆள் இருக்குத மாதிரி இருக்கட்டும் மதினி" என்றாள்.

நாங்கள் திரும்பிய காலையில் வாசலில் சைக்கிளோடு ஏட்டையா நின்றிருந்தார். எங்கள் நிலைக்கு மேல் சிலுவை. கீழே தெருவையே அடைத்துக்கொண்டு ஒரு கோலம்.

"வேதக்கார வீட்டுல கோலமா, எவன் உள்ள குடியிருக்கான்னுதான் எறங்குனேன். எவனோ கள்ளன் பின்கதவ நெம்பியிருக்கான்" என்றார் ஏட்டையா.

"நான் சொல்லிட்டுல்லா போனேன்?" என்றார் அப்பா.

"இன்னைக்குத்தான் இந்தப் பக்கம் வர முடிஞ்சுது, அண்ணாச்சி."

எனக்குப் பிரமிப்பு தாங்கவில்லை. அத்தை தினமும் விடியுமுன் இங்கே தண்ணீர் தெளித்திருக்கிறாள். ஒரு பிடி மாவு கள்ளனை விரட்டி, போலீசையும் வரவழைத்திருக்கிறது. பள்ளிக்கூடத்தில் இதை எப்படிச் சொல்வதென்று மனதுக்குள் ஒத்திகை பார்த்தேன்.

"சாவி யாருட்ட இருந்துச்சு?" என்று கேட்டார் ஏட்டையா.

"என்ட்டதான்" என்றாள் சத்தம் கேட்டு வந்த அத்தை.

"ஒங்க மவன் ராத்திரி எங்கன இருந்தான்?"

அத்தை முந்தானையிலிருந்து சாவியை அவிழ்த்து அம்மாவிடம் நீட்டினாள். பெரியவர்கள் உள்ளே போனார்கள். அத்தை மட்டும் தெருவிலேயே நின்றாள். "வாங்க அத்தை" என்று கூப்பிட்டேன், வரவில்லை. இவ்வளவு அழகான கோலத்தை மிதிக்க அவளுக்கு மனமில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு அம்மாவின் குரல்: "எல்லாம் அப்படியே இருக்கு."

அத்தை நேரே கோலத்தின் நடுவில் கால் வைத்து, அது கலைய நடந்து வந்து, எங்கள் படியில் உட்கார்ந்து அழுதாள். திருட்டுதான் போகவில்லையே, எதற்கு அழுகிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. கோலம் வீணாகிவிட்டதே என்றுதான் வருத்தமாக இருந்தது.