மருமகள் கியர்பாக்ஸைப் பிரித்தாள்

தேங்காய் வாங்கப் போன இடத்தில் சாரல் பிடித்துக்கொண்டது. நனைந்தபடி வீட்டுக்கு வந்தால், கொட்டகையில் நின்ற காருக்கு அடியிலிருந்து இரண்டு கால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. விரலில் மெட்டி. வண்டி ஏறிவிட்டது என்றுதான் நினைத்தேன். பை நழுவி, தேங்காய் உருண்டு போய்ச் சக்கரத்தில் முட்டியது.

"மிதிச்சிராதீய அத்தை, போல்ட்டெல்லாம் ஒங்க காலடியிலதான் கெடக்கு" என்று வண்டிக்கு அடியிலிருந்து மருமகள் குரல் வந்தது.

எங்கள் வீடு இலஞ்சியில். மருமகள் சுரண்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ஸ்கூட்டரில் விழுந்ததிலிருந்து அவளுக்கு இடது முட்டி மடங்காது. பஸ் படி ஏற முடியாது, கிளட்ச் மிதிக்க முடியாது. அதனால் தானாகவே கியர் மாறுகிற கார் ஒன்றை, யாரோ ஓட்டிப் பழசாக்கியதை, வாங்கினோம். அதற்கு வலது கால் ஒன்றே போதும். அது வந்த பிறகுதான் மறுபடி வேலைக்குப் போனாள். அதுவரை வீட்டில் உட்கார்ந்து என் ரசத்தில் குறை கண்டுபிடித்துக்கொண்டிருந்தாள். ஆகவே அந்த வண்டி ஓடுவது எனக்கும் அவசியம்.

அதற்குத்தான் நோக்காடு வந்துவிட்டது. முதலில் கியர் மாறும்போது உதைத்தது. அப்புறம் மாறவே இல்லை, மூன்றாம் கியரிலேயே முரண்டு பிடித்து நின்றது. குற்றாலத்துக்குப் போகிற ஏற்றத்தில், துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு அருவிக்கு நடந்து போனவர்கள் எங்களை முந்தினார்கள். ஒருவர் திரும்பிப் பார்த்துச் சிரிக்கவும் செய்தார். தென்காசி மெக்கானிக் இந்த மாதிரி வண்டியில் கை வைக்கமாட்டேன் என்றார். திருநெல்வேலியில் கியர்பாக்ஸையே மாற்ற வேண்டும் என்றார்கள். என் மகன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, வண்டியை வந்த விலைக்குத் தள்ளிவிடுவோம், இவள் வேலையை விட்டுவிடட்டும் என்று சாம்பாருக்கு உப்பு கேட்கிற மாதிரி லேசாகச் சொன்னான்.

மருமகள் போனில் ஏதோ பார்க்க ஆரம்பித்தாள். சீரியல் என்று நினைத்தேன். எவனோ ஒருத்தன் கியர்பாக்ஸைப் பிரித்துக்கொண்டிருந்தான்.

கியர்பாக்ஸுக்குள் எண்ணெய் ஓடுகிறதாம். அது எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று பார்த்துப் பார்த்து, கரண்டில் திறந்து மூடுகிற சின்ன வால்வுகள் இருக்கின்றனவாம். சோலினாய்டு என்று பேர். மீட்டர் வைத்துப் பார்த்து, கெட்டது அதுதான், கியர்பாக்ஸ் இல்லை என்று அவளே முடிவு கட்டினாள். புதுசு பார்சலில் வந்தது. கட்டைவிரல் தண்டிதான் இருந்தது. இதற்காகவா இவ்வளவு பெரிய வண்டி படுத்துக்கிடக்கிறது என்று எனக்குத் திகைப்பு. என் வீட்டுக்காரரும் இருந்தவரை அப்படித்தான், ஒரு பல் வலித்தால் மொத்த ஆளும் படுத்துவிடுவார்.

அதை மாற்றத்தான் அன்றைக்கு அவள் வண்டிக்கு அடியில் படுத்திருந்தாள். கியர்பாக்ஸின் அடித்தட்டைக் கழற்றியதும் எண்ணெய் கடுங்காப்பி நிறத்தில் இறங்கியது. அதை அவள் பிடித்திருந்தது நான் மாவு கரைக்கிற அகலச் சட்டியில். கேட்க வாயைத் திறந்தேன். அதற்குள், காற்றில் சாரல் உள்ளே அடிக்குது, ஒரு சொட்டு தண்ணி விழுந்தாலும் போச்சு என்று என்னைத் திரை பிடிக்கச் சொன்னாள். கொடியில் கிடந்த சேலையை விரித்துப் பிடித்தபடி, பிரசவம் பார்க்கிற வீட்டுக்கு வெளியே நிற்பவளைப் போல நின்றேன். உள்ளே பழசை உருவினாள், புதுசைப் பொருத்தினாள், தட்டை மூடினாள். மேலே வந்து, சிவந்த புது எண்ணெயை அளந்து ஊற்றினாள்.

வண்டியைக் கிளப்பினால் அதே மூன்றாம் கியர். எனக்கு அழுகை வந்தது. அவள் பானெட்டைத் திறந்து, பேட்டரிக்குக் கீழே கையை விட்டு, கியர்பாக்ஸுக்குப் போகிற தடித்த வயர் பிளக்கை அழுத்தினாள். டக் என்றது. சரியாக மாட்டாமல் விட்டிருந்தாளாம். அப்புறம் வண்டி குற்றாலத்து ஏற்றத்தில் போன போக்கைப் பார்த்து நான் கைப்பிடியை விடவே இல்லை.

சாயங்காலம் மகன் ஓட்டிப் பார்த்தான். முகமெல்லாம் சிரிப்பு. பெண்டாட்டியைப் புகழப்போகிறான் என்று காத்திருந்தேன்.

"நல்லா ஆயிட்டுல்லா, இப்பம் குடுத்தாத்தான் மதிப்பு. பாவூர்சத்திரத்துல இருந்து ஞாயித்துக்கெழம ஒரு அண்ணாச்சி பாக்க வாராரு" என்றான்.

பெற்றவள் நான்தானா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை அந்த அண்ணாச்சி வந்தார், காய்கறி மண்டி வைத்திருப்பவர். நான் காப்பி கொடுத்தேன். கண்ணாடி துடைக்கப் போகிறேன் என்று மருமகள் கொட்டகைக்குப் போனாள். கண்ணாடி துடைக்க பானெட்டை எதற்குத் திறக்கிறாள் என்று ஒரு நொடி தோன்றியது. அண்ணாச்சி இரண்டாவது முறுக்கைக் கேட்டதில் மறந்துவிட்டேன்.

அவரும் மகனும் ஒரு சுற்று போய்விட்டு, போனதைவிட மெதுவாகத் திரும்பி வந்தார்கள்.

"வண்டிக்கு மேமூச்சு வாங்குது ஆச்சி. எங்க லோடு ஆட்டோ இதவிட நல்லா இழுக்கும். பாதி வெலைன்னா தம்பிய போன் போடச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு அவர் செருப்பை மாட்டினார்.

அவர் தெரு முக்கு திரும்பியதும் மகன் பிடித்துக்கொண்டான். தெரியாத வேலையில் கை வைத்தால் இப்படித்தான் என்று ஏகத்துக்கும் பேசினான். மருமகள் பேசவிட்டாள். பிறகு பானெட்டைத் திறந்து கையை உள்ளே விட்டு எடுத்தாள். வண்டியைக் கிளப்பித் தெருவை ஒரு சுற்று சுற்றி, உறுமலே இல்லாமல் வந்து அவன் கால் விரலுக்குப் பக்கத்தில் நிறுத்தினாள். கண்ணாடியை இறக்கினாள்.

"ஒண்ணும் கெடல. பிளக்க நாந்தான் புடுங்கி விட்டேன். அடுத்த ஆளு வந்தாலும் புடுங்குவேன்."

குரல் ஏறவே இல்லை. வகுப்பில் கணக்குச் சொல்கிற அதே குரல். என் மாமியாருக்கு நான் செய்யாத திருட்டுத்தனம் இல்லை. செய்துவிட்டு நேரே நின்று சொன்னதில்லை. அப்படி ஒரு வழி இருப்பதே எனக்குத் தெரியாது. மகன் என்னைப் பார்த்தான். எப்போதும் ஏதாவது பகடி வரும் எனக்கு. அன்றைக்குக் காப்பி டம்ளரும் கையுமாக மருமகள் பக்கம் போய் நின்றுகொண்டேன்.

"அவருட்ட நான் என்னட்டி சொல்லுவேன்?" என்றான் அவன் கடைசியில்.

"விக்கலைன்னு சொல்லுங்க."

போனை எடுத்துக்கொண்டு கிணற்றடிப் பக்கம் போனான். நாங்கள் இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டோம்.

"அண்ணாச்சி, வேற வண்டி பாத்துக்கிடுங்க. இது வீட்டுல அவ ஓட்டுதது."