சாம்பலில் துலக்கிய கார்

மாமா எங்கள் மாட்டைக் கொடுத்துக் கார் வாங்கி வந்த அன்று அம்மா ஊரில் இல்லை. இருந்திருந்தால் அந்தத் தைரியம் அவருக்கு எங்கிருந்து வந்திருக்கும்? ரோஸ் பெல் ஊரில் ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தாள். அப்பா கரும்புக் கொல்லையில் இருந்தார். வீட்டில் இருந்த பெரிய மனுஷி நான்தான். எனக்கு எட்டு வயது. மாமா மாட்டை அவிழ்த்தபோது எங்கே என்று கேட்டேன். சும்மா ஒரு நடை போய்வருகிறோம் என்றார். நடந்து போனதென்னவோ மாடுதான். திரும்பி வந்தது நாலு சக்கரத்தில் வந்தது.

மாமா அம்மாவின் ஒரே தம்பி. எங்களோடுதான் இருந்தார். தோட்டத்து லாரியில் ஏறி இறங்கி வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டவர், அதனால் இந்த மொரீசியஸ் தீவே தன் கையில் இருப்பதாக நினைப்பு. பக்கத்துச் சர்க்கரைத் தோட்டத்தில் கூலியாட்களை மேய்க்கிற சர்தாருக்குக் குழந்தை பிறந்திருந்தது, பால் வேண்டும். அவரிடம் யாரோ துரை கழித்துப்போட்ட ஒரு பழைய கார் வெயிலில் கிடந்தது. இது போதாதா மாமாவுக்கு? காரை மெருகேற்றி விற்றால் ஒரு மாட்டுக்கு இரண்டு மாடு வாங்கலாம் என்று கணக்குப் போட்டுவிட்டார்.

கார் ஓடியது. அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் அதற்கு நிறம் என்று ஒன்று இல்லை. கையால் தடவினால் சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாக ஒட்டிக்கொண்டது. நான் அதன் கதவில் விரலால் ஒரு மாடு வரைந்தேன். அதுவரைக்கும் அந்தக் காருக்குக் கிடைத்த அழகு அவ்வளவுதான்.

மறுநாள் அம்மா வந்தாள். நேரே கொட்டிலுக்குப் போனாள், காலி முளைக்குச்சியைப் பார்த்தாள், வாசலில் நின்ற காரைப் பார்த்தாள்.

"என் மாடு அந்த முளையில வந்து நிக்கிற வரைக்கும் உனக்கு இந்த வீட்டுல சோறு இல்ல," என்றாள் மாமாவிடம்.

சொன்னபடியே செய்தாள். அந்த மாடு அவள் கன்றிலிருந்து வளர்த்தது. காலைப் பாலைச் சீனாக்காரர் கடைக்கு ஊற்றித்தான் எங்கள் வீட்டில் அரிசியும் எண்ணெயும் வந்தன. இப்போது கடைக்கும் பால் இல்லை, எங்களுக்கும் வெறும் கறுப்புத் தேநீர். மாமா நல்ல மனிதர்கள் வீட்டில் எல்லாம் விருந்தாளியாகச் சாப்பிட்டுவிட்டு, வந்து காரைத் தேய்த்தார்.

எதைப் போட்டுத் தேய்த்தார் என்கிறீர்கள்? புளி! காவடிக்கு முன்னால் அம்மா கோவில் விளக்குகளைப் புளி போட்டுத் துலக்குவதைப் பார்த்திருக்கிறாரே, பித்தளை மின்னினால் தகரமும் மின்னும் என்று முடிவு செய்துவிட்டார். அரைநாள் தேய்த்தார். கார் முழுக்கப் பழுப்பாகக் கோடு கோடாக வழிந்தது, ஈ மொய்த்தது. அடுப்படி ஜன்னலில் இருந்து அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள். சிரிக்கக் கூடாது என்று எவ்வளவோ பல்லைக் கடித்தாள். முடியவில்லை. மாடு போன பிறகு அன்றுதான் அவள் சிரித்தாள், எனக்கு உயிர் வந்தது.

சிரித்துவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் ஒருவர் ஒரு பொருளைத் தப்பாகத் துலக்குவதை அவளால் பார்த்துக்கொண்டு இருக்க முடியாது. வெளியே வந்து மாமாவை ஒதுங்கச் சொன்னாள். என்னிடம் வரட்டிச் சாம்பலைக் கொடுத்துத் துணியில் சலிக்கச் சொன்னாள். ஒரு முறை சலித்தால் போதாதாம். விரலிடையில் இருப்பதே தெரியக் கூடாதாம். ஈரத்துணியில் அதைத் தொட்டு, கதவின் ஒரு மூலையில், அழுத்தாமல், ஒரே போக்காகத் தேய்த்தாள். துணி பச்சையானது. துடைத்தாள். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கரும்பச்சை எட்டிப் பார்த்தது. நாங்கள் மூன்று பேரும் வாயைப் பிளந்துகொண்டு நின்றோம். அந்தக் காரின் நிறம் பச்சை என்பது சர்தாருக்கே தெரியாது; அவர் கைக்கு வரும்போதே அது வெளுத்துப்போயிருந்தது.

அன்றிலிருந்து கார் அம்மாவுடையது. மாமா தண்ணீர் தூக்கினார், நான் சாம்பல் சலித்தேன், அவள் தேய்த்தாள். எங்கள் மாட்டுச் சாண வரட்டிதான் அவ்வளவும், மாடு தன்னை மீட்கத் தானே சாம்பல் கொடுத்தது. கடைசியில் தேங்காய் எண்ணெய் பூசினாள். அறுவடைக் காலம், ஆலைப் புகைபோக்கியிலிருந்து கரி பறந்து வந்து எண்ணெயில் ஒட்டியது. அதற்காகத் தன் கல்யாணச் சேலையை எடுத்துக் காருக்குப் போர்த்தினாள். என் மூக்கைத் துடைக்கிற முந்தானையால் அதன் விளக்கைத் துடைத்தாள். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

சென்ட்ர் டி ஃப்ளாக் சந்தைக்கு ஓட்டிக்கொண்டு போனால்தான் வாங்குகிறவர்கள் கண்ணில் படும் என்றார் மாமா. காலியாகப் போனால் திருட்டு வண்டி என்று நினைப்பார்கள், குடும்பமாகப் போக வேண்டும். அப்பா கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுக் கொல்லைக்கு நடந்தார். என் மாட்டைத் தின்ற வண்டியில் நான் ஏறுவேனா என்றாள் அம்மா. சொல்லிவிட்டு உள்ளே போனவள் காவடிச் சேலை கட்டி, தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு வந்து முன்சீட்டில் உட்கார்ந்தாள்.

ஊர் எல்லை தாண்டும் வரை கதவை இறுகப் பிடித்திருந்தாள். கரும்பு வெட்டுகிற பெண்கள் நிமிர்ந்து பார்த்தபோது கையை எடுத்து மடியில் வைத்தாள். கோவில் முன்னால் கும்பிட்டாள். பிறகு மாமாவிடம் மெதுவாக, "அந்த ஊதலை அடிடா," என்றாள். அடித்தார். "இன்னொரு தடவை," என்றாள். ஃப்ளாக் சந்தையை ஒரு சுற்றுச் சுற்றினால் போதும், அவள் சொல்லி இன்னொரு சுற்றும் சுற்றினோம். மீன் வாங்கிக்கொண்டு நின்ற சர்தார் மனைவி, எங்களைத் தெருவில் கண்டால் முகம் கொடுக்காதவள், மீனை மறந்து பார்த்தாள். அம்மா ஒரு ராணி மாதிரித் தலையை மட்டும் அசைத்தாள். அடடா, அன்றைக்கு அவள் எவ்வளவு அழகாக இருந்தாள்!

அடுத்த நாளே சர்தார் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். சந்தையில் பார்த்த பச்சைக் கார் மாதிரி ஒன்று வேண்டும், அவர் வைத்திருந்த சாம்பல் பெட்டி மாதிரி அல்ல என்று வீட்டம்மா ஒரே பிடிவாதமாம். அதோடு மாடு அவர்களுக்குப் பாலும் கொடுக்கவில்லை, உதையைத்தான் கொடுத்தது. வாசலில் காரைச் சுற்றி வந்தவர் பின்பக்கத்து நசுங்கலைத் தடவிப் பார்த்தார். அது அவரே முன்பு ஒரு பனைமரத்தில் மோதி விழுந்த நசுங்கல். சட்டென்று தலைப்பாகையைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"தங்கச்சி, இது என் லோத்தோதான்னு என் பொஞ்சாதிக்கு மட்டும் சொல்லிராதீங்க," என்றார். லோத்தோ என்றால் எங்கள் ஊரில் கார்.

மாமாவுக்குக் குஷி தாங்கவில்லை. இரண்டு மாடு கேட்கலாம் என்று வாயைத் திறந்தார்.

"என் மாட்டைக் கொண்டாந்து கட்டுங்க. வேற பேச்சு வேணாம்," என்றாள் அம்மா.

அன்று சாயங்காலமே மாடு முளைக்கு வந்தது. நான் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டேன். மாமாவுக்கு நெய் ஊற்றிச் சோறு கிடைத்தது.

எண்ணெய் மினுமினுப்பு ஒரு மழைக்காலம்கூடத் தாங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் சர்தார் வீட்டுக் கார் எங்கள் வாசலைத் தாண்டும்போது ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்தது. ஒரு நாள் அம்மா ஒரு சட்டி நிறையச் சாம்பல் சலித்து, சர்தார் வீட்டம்மாவிடம் கொடு, கார் துடைக்க நல்லது என்று சொல் என்று என்னை அனுப்பினாள். கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்த அம்மா மோந்து பார்த்துவிட்டு, பல் விளக்கவா என்று கேட்டாள்.

வந்து சொன்னால் அம்மா விழுந்து விழுந்து சிரிப்பாள் என்று ஓடிவந்தேன். அவள் பால் கறந்துகொண்டிருந்தாள். சிரிக்கவில்லை. போகட்டும், நம் மாடுதான் நம்மிடம் வந்துவிட்டதே என்றேன். ஆமாம் என்றாள். அப்போது ரோட்டில் அந்தக் காரின் ஊதல் சத்தம் கேட்டது. கறப்பதை நிறுத்திவிட்டு, அந்தச் சத்தம் தேய்ந்து மறையும் வரை அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கேட்டது மாட்டைத்தான், அது வந்தும்விட்டது. இன்னும் எது வர வேண்டும் என்று இப்படி ரோட்டைப் பார்க்கிறாள் என்று எனக்கு விளங்கவே இல்லை. பால் சட்டியில் ஈ விழுகிறது என்று மட்டும் சொன்னேன்.