விரிப்பின் மறுமுனையும் ‘ஷன்’ என்ற சொல்லும்

என் சித்தி ஓர் ஓட்டலின் சலவைக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். உள்ளே நுழைந்தால் முதல் மூச்சிலேயே மூக்கு வெந்துவிடும். பக்கத்து வீட்டுப் பூனை பாலைக் குடித்துவிட்டுப் போனாலும் “பாவம், பசி” என்பவள். நான் அவளுக்கு வைத்த பெயர் தலையணை. யார் சாய்ந்தாலும் அமுங்கிக் கொடுப்பாள்.

விருந்தினரிடம் பேச வேண்டும் என்று ஓட்டல்காரர்கள் வேலை முடிந்ததும் இங்கிலீஷ் வகுப்பு நடத்துகிறார்கள். ஒரு நாள் சித்தி வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“டேய், ஷன்னா என்னடா? நாளைக்கு அதை வச்சு ஒரு வாக்கியம் சொல்லணுமாம்.”

“எங்கிட்டப் போய்க் கேக்கிறியே சித்தி! எனக்கும் இங்கிலீஷுக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது.”

“அப்புறம் அந்த போன் எதுக்கு? தடவிப் பாரு.”

தடவினேன். நமக்குத் தெரிந்த அவாய்டு, இந்த ஷன் இரண்டுமே தவிர்ப்பதுதான். சேற்றை, வெயிலை, குரைக்கிற நாயை அவாய்டு பண்ணலாம். ஷன் கொஞ்சம் கனமான சரக்கு. வேண்டுமென்றே, பிடிவாதமாக, கிட்டவே அண்டவிடாமல் ஒதுக்குவது. குடியை ஷன் பண்ணுகிறவன் நல்லவன்.

“மனுஷங்களுக்கும் சொல்லலாமா?”

“அதுக்குத்தான் ரொம்பப் பொருத்தம். எல்லாரும் சேர்ந்து ஒருத்தரை ஒதுக்கி வைப்பாங்கல்ல? அதான்.”

சித்தி செருப்போடு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பிறகுதான் விஷயம் வந்தது.

கூடத்தில் ஒட்டடைக்குச்சி என்று எல்லோரும் கூப்பிடும் ஒரு நெட்டைக்காரி உண்டு. இஸ்திரி இயந்திரத்தின் தடுப்புக் கம்பி உடைந்து கையைச் சுடுகிறது என்று சூப்பர்வைசரைத் தாண்டி நேரே மேனேஜரிடம் போய்ச் சொல்லிவிட்டாள். சூப்பர்வைசர் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. அவள் பக்கத்தில் நின்றவர்களை ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான்.

பெரிய விரிப்பைத் தனியாக மடிக்க முடியாது. ஆளுக்கொரு முனை பிடித்து, உதறி, எதிரெதிரே நடந்து வந்து சேர்க்க வேண்டும். அவளுக்கு மறுமுனை பிடிக்க ஆளே வரவில்லை. ஜன்னல் கம்பியில் கட்டிவிட்டு மடித்தாள். வேலை இழுத்தது. “இந்த வாரத்தோட நின்னுக்கோ” என்றுவிட்டார் சூப்பர்வைசர்.

“நீயாவது போய்ப் பிடிச்சிருக்கலாம்ல?”

“பயம்டா. தண்ணி குடிக்கப் போற மாதிரி போயிட்டேன்.”

மறுநாள் நடந்ததை ஒட்டடைக்குச்சியே எங்கள் வீட்டுக்கு வந்து சொன்னாள். சித்தி போய் ஜன்னல் முடிச்சை அவிழ்த்தாளாம். முனையைப் பிடித்துக்கொண்டு நின்றாளாம்.

“அங்க உனக்கென்ன வேலை?” என்றார் சூப்பர்வைசர்.

“துணி பெருசு சார். ரெண்டு பேர் வேணும்.”

“உனக்கு வேலை வேணுமா வேண்டாமா?”

“வேணும் சார். அவளுக்கும் வேணும்.”

அதற்கு மேல் சித்திக்குப் பேச வராது. மடித்தாள். மத்தியானத்துக்குள் அவர்கள் இருவரின் அடுக்குதான் கூடத்திலேயே உயரம். வேலை மெதுவாக நடக்கிறது என்று இனி எந்த வாயால் சொல்வது? நெட்டைக்காரி நின்றுவிட்டாள், வேலையை விட்டு அல்ல, வேலையிலேயே. ஆனால் சூப்பர்வைசர் சும்மா விடுவாரா? இருவரையும் கொதிகலன் ஓரமாகத் தள்ளிவிட்டார்.

இப்போது சித்தியையும் சேர்த்தே ஷன் பண்ணுகிறார்கள். சாப்பாட்டு மேசையில் யாரும் கிட்டே வருவதில்லையாம்.

“காலை நீட்டி உக்கார எடம் கிடைக்குதுடா” என்கிறாள் சித்தி.

சூட்டில் சிவந்த அவள் கைக்கு எண்ணெய் தடவிவிட்டேன். வேறு வேலை இல்லை, அதனால்தான்.