கசியாத போத்தல்

எஹலியகொடப் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றின் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடம் பிட்டராக இருந்தேன். என் வேலையை ஒரே வரியில் சொல்லிவிடலாம்: எங்கே ஒழுகினாலும் நிறுத்துவேன். குழாய், வால்வு, ரப்பர் பால் தொட்டி, எதுவானாலும். எனக்கு முன்னிருந்த பிட்டர்மார் செய்ததைப் பார்த்து, கழற்றிப் பூட்டிப் பழகியதுதான் என் படிப்பு. அதனால் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. கொஞ்சம் என்பது நான் சொல்லும் அளவு. என் மனைவி மல்லிகாவைக் கேட்டால் வேறு அளவு சொல்வாள்.

1999ஆம் ஆண்டு அவள் வாங்கிவந்த நெத்தலிக் கருவாட்டைச் சுற்றியிருந்த சிங்களப் பத்திரிகைத் துண்டில், தண்ணீர் ரொக்கெட் செய்யும் விதம் படத்தோடு இருந்தது. பெரிய சோடாப் போத்தலில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர். வாயில் ரப்பர் அடைப்பு, அதன் நடுவே சைக்கிள் டியூப் வால்வு. தலைகீழாக நிறுத்திக் காற்றடித்தால்... அத்தோடு தாள் கிழிந்திருந்தது. மீதி வேறு யார் வீட்டுக்கோ கருவாட்டோடு போயிருக்கும். மீதி எனக்கெதற்கு என்று நினைத்தேன்.

கலண்டர் அட்டையில் இறக்கை வெட்டினேன். கம்பியை வளைத்துத் தாங்கி செய்தேன். ஒவ்வொரு அளவையும் அரை மில்லிமீட்டர் பிசகாமல் அப்பியாசக் கொப்பியில் வரைந்து வைத்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் தொழிற்சாலைக்குப் பின்னாலிருந்த வெளியில் விடுவேன். நாங்கள் குடியிருந்த லயத்து வீட்டுக் கூரை உயரம் போகும், விழும், இறக்கை மடங்கும், ஒட்டுப் போடுவேன். தோட்டத்துப் பிள்ளைகள் கைதட்டுவார்கள். எனக்கோ அடைப்போரத்தில் நுரைத்து வடிந்த தண்ணீர்தான் கண்ணை உறுத்தியது. பிட்டர் செய்த சாமான் ஒழுகலாமா?

ஆகவே புதுப் போத்தல் ஒன்றில் அடைப்பைச் சுற்றி ரப்பர் பாலை ஊற்றி, பால் உறைய அசிட்டும் விட்டு, இரண்டு நாள் காயவைத்தேன். மூன்றாம் நாள் ஞாயிறு. லொறி டயருக்குக் காற்றடிக்கும் பம்பை மாட்டி அடித்தேன். ஒரு சொட்டு ஒழுகவில்லை. அறுபது தடவை அடித்தும் போத்தல் அசையவுமில்லை.

"ஏங்க, அது பறக்கணுமா, இல்ல அடைகாக்கணுமா?" என்றாள் மல்லிகா.

"பேசாம தள்ளி நில்லு. காத்து சேரட்டும்."

அடைப்பு கழன்றால்தான் போத்தல் பறக்கும். கிழிந்த பாதியில் அதுதான் இருந்திருக்க வேண்டும். நான் அதைக் கழலவே முடியாதபடி செய்திருந்தேன். எழுபதாவது அடியில் போத்தல் வெடித்தது.

யுத்த காலம். சந்திக் காவலரண்வரை குண்டு வெடித்ததுபோல் சத்தம் கேட்டிருக்கிறது. அரை மணி நேரத்தில் ஜீப் வந்தது. அதிலிருந்து இறங்கிய பொலிஸ் சார்ஜன் பிளாஸ்டிக் துண்டுகளைப் பொறுக்கினார், என் கொப்பியைப் புரட்டினார். சத்தம் கேட்டுத் தோட்ட ஒபிசின் பெரிய கிளாக்கர் இராஜசிங்கம் ஐயாவும் வந்து நின்றார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். சார்ஜன் அவருடைய அடையாள அட்டையை வாங்கி, பிறந்த இடத்தைப் பார்த்தார், திருப்பிக் கொடுக்கவில்லை.

"இதை வரைந்தது யார்?" என்று என்னிடம் சிங்களத்தில் கேட்டார்.

"நான்தான், சேர்."

நான் உடுத்தியிருந்த சாரத்தையும் கிறீஸ் பிடித்த கையையும் பார்த்தார். "பொய். இது படித்தவன் வேலை."

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு முதலில் வந்தது பயமல்ல, சந்தோஷம். படித்தவன் வேலையாம்! அவர் கிளாக்கரை ஜீப்பில் ஏறச் சொன்ன பிறகுதான், படித்தவன் என்றது யாரை என்று விளங்கியது.

"தம்பி, நீர் கீறின படத்துக்கு என்னையெல்லே கொண்டு போகப்போறாங்கள்! உண்மையைச் சொல்லுமன்!" ஐயா ஜீப்பின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஜீப்பில் போனவர் எப்போது திரும்புவார் என்று யாரும் சொல்ல முடியாத காலம் அது.

"சொல்லிட்டேங்கய்யா. நம்பமாட்டேங்கிறாரே."

மல்லிகா வீட்டுக்கு ஓடிப் பழைய ரொக்கெட்டோடு வந்தாள். "சொன்னா நம்பமாட்டாரு. விட்டுக் காட்டுங்க."

"அது ஒழுகும்டி."

"ஒழுகட்டும்! ஒங்க மானம் போனா போகட்டும், ஐயா போகக்கூடாது."

சார்ஜனிடம் கெஞ்சி அனுமதி வாங்கித் தாங்கியில் நிறுத்தினேன். அதன் இறக்கையில் மூன்று ஒட்டு. பம்பை அடிக்க அடிக்கத் தண்ணீர் சார்ஜனின் சப்பாத்தில் வடிந்தது. பதினைந்தாவது அடியில் அடைப்பு கழன்றது. ரொக்கெட் ரப்பர் மரத்தில் பாதி உயரம் போய், யோசித்ததுபோல் ஒரு கணம் நின்று, பக்கவாட்டில் திரும்பி, சார்ஜனின் முகத்தையும் சட்டையையும் நனைத்து, தொழிற்சாலைச் சுவரில் மோதி, கழிவுத் தண்ணீர் ஓடும் கானுக்குள் விழுந்தது.

சார்ஜன் முகத்தைத் துடைத்தார். கானைப் பார்த்தார். பிறகு கிளாக்கரிடம், "நீங்கள் என்ன படித்தீர்கள்?" என்றார்.

"ஏ எல் பரீட்சை, கணிதம்."

சார்ஜன் மறுபடி கானைப் பார்த்தார். "இல்லை," என்றார். "இது படித்தவன் செய்த சாமான் இல்லை." அடையாள அட்டையை ஐயாவிடம் நீட்டினார். கொப்பியை என் கையில் கொடுத்தார். கூட வந்த பொலிஸ்காரர்கள் சிரித்துக்கொண்டே ஜீப்பில் ஏறினார்கள்.

இராஜசிங்கம் ஐயா அப்படியே பம்பின் மேல் உட்கார்ந்துவிட்டார். "தம்பி, நீர் கெட்டிக்காரனாய் இருந்திருந்தால் நான் இண்டைக்கு முடிஞ்சன்," என்றார்.

அந்த இறக்கை போன வாரம் விழுந்ததில் மடங்கியது, பத்து நிமிடம் தந்தால் சரியாக விட்டுக் காட்டுகிறேன் என்று சார்ஜனைக் கூப்பிட வாயெடுத்தேன். மல்லிகா என் காலை மிதித்தாள்.