துறைமுகத்துக்குப் போகிற வண்டி

கள்ளக்குறிச்சியிலிருந்து கடலூருக்குப் பலாப்பழம் விற்கப் போன இடத்தில், பஸ் நிலையத்தில் அவரைப் பார்த்தேன். கப்பலில் சமையல்காரர். ஒருநாள் லீவில் ஊர் பார்க்க வந்த மலையாளத்துக்காரர். கண்ணில் பட்டதையெல்லாம் சின்ன நோட்டில் எழுதிக்கொண்டே இருந்தார்.

“அம்மே, துறைமுகம் பஸ் ஏது? ஆறு மணிக்குக் கப்பல் போகும். எனிக்கு தமிழ் வாசிக்க அறியில்ல.”

எனக்கும் அப்போது எழுத்துத் தெரியாது. நிறம் பார்த்துத்தான் வண்டி ஏறுவேன். அதைச் சொல்ல மனசு வரவில்லை. போர்டைப் படிக்கிறவள்போல நிமிர்ந்து பார்த்து, “அந்தப் பச்சை வண்டிதாங்க, ஏறுங்க” என்றேன்.

“அடேங்கப்பா, அக்கா படிக்கக்கூட செய்யுமா?” என்றாள் பக்கத்துப் பூக்காரி.

“பின்ன இன்னா, என்னையும் உன்ன மாதிரின்னு நெனச்சிக்கினியா?”

வண்டி நகர்ந்தபோதுதான் கண்டக்டர், “பண்ருட்டி, பண்ருட்டி!” என்று கத்தினார். துறைமுகம் அந்தப் பக்கமே இல்லை. ஒரு குரல் கொடுத்தால் வண்டி நிற்கும். பூக்காரி குனிந்து பூக்கட்டிக்கொண்டிருந்தாள். குரல் கொடுத்தால் எனக்குப் படிக்கத் தெரியாதது அவளுக்குத் தெரிந்துவிடும்.

அவர் ஜன்னல் வழியாக எனக்குக் கையாட்டினார். நானும் ஆட்டினேன்.