இருபத்து மூன்று வயசு மாமியார்

போன செவ்வாய்க்கிழமை காலை எங்கள் வீட்டு வாசலில் ஒரு ஜீப் வந்து நின்றது. அதிலிருந்து இறங்கிய நர்ஸம்மா என் மாமியாரைப் பேர் சொல்லிக் கேட்டார். நான் கதவைப் பிடித்துக்கொண்டேன். ஏன் என்கிறீர்களா? முதலிலிருந்து சொல்கிறேன்.

எனக்கு இருபத்து மூன்று வயசு. கையில் ஒன்று, இடுப்பில் ஒன்று என்று இரண்டு பெண் குழந்தைகள். இரண்டாவது பிரசவத்தில் நான் பிழைத்ததே பெரிது. "மூணு வருஷத்துக்கு இன்னொண்ணு கூடவே கூடாது" என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அத்தைக்கோ பேரன் வேண்டும். அதுவும் உடனே வேண்டும்.

என் வீட்டுக்காரர்? "நீ என்னமோ செஞ்சுக்க. ஆத்தாவுக்கு மட்டும் தெரியக் கூடாது" என்று சொல்லிவிட்டு முந்திரித் தோப்புக்குப் போய்விட்டார். வீரர்!

பிள்ளை உண்டாகாமல் இருக்கக் கர்ப்பப்பையில் வைக்கும் லூப் என்று ஒன்று வந்திருக்கிறதே — சர்க்கார் ஹெல்த் சென்டரில் காசு வாங்காமல் வைத்துவிடுகிறார்கள். எங்கள் கந்தர்வக்கோட்டையிலும் சென்டர் உண்டு. ஆனால் அங்கே வேலை பார்க்கும் ஆயா அத்தைக்குச் சொந்தம். நான் பெஞ்சில் உட்காருவதற்குள் சேதி வீட்டுக்கு வந்துவிடும். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

ஆகவே விராலிமலை. பஸ் மாறிப் போக வேண்டும். அங்கே எனக்குத் தெரிந்தவர் முருகன் ஒருவர்தான்.

"முருகனுக்கு ஒரு வேண்டுதல் அத்தை" என்றேன். அத்தைக்கு முகமெல்லாம் சிரிப்பு. "போயிட்டு வா தாயி. பேரன் பொறந்தா சாமிக்கே குடுத்துட்டு, தவிடு வச்சுத் திரும்ப வாங்கிக்கிறோம்னு வேண்டிக்க" என்று சொல்லி, படைக்கச் சுருட்டும் வாங்கிக் கொடுத்தார். விராலிமலை முருகனுக்குச் சுருட்டு படைப்பது நம் பக்கத்தவர்களுக்குத் தெரியாததா?

மலை ஏறினேன். சுருட்டைப் படைத்தேன். "முருகா, அத்தை சொன்னது காதில் விழுந்திருக்கும். ஆனால் அவசரமில்லை..." என்று சொல்லிவிட்டு, இறங்கி நேரே சென்டருக்குப் போனேன்.

கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது. அங்கிருந்த நர்ஸ் நோட்டை விரித்தார். "பேரு?"

சொந்தப் பேரைச் சொல்ல நான் என்ன முட்டாளா? ஆனால் அவசரத்துக்கு ஒரு பொய்ப் பேர் வர வேண்டுமே... எந்நேரமும் நெஞ்சில் நிற்கும் பேர்தான் வந்தது. "பெரியநாயகி." சாட்சாத் என் மாமியார்!

அடுத்து வயசு, தெரு, ஊர். இத்தனை சாமர்த்தியம் பண்ணியவள், அதையெல்லாம் உள்ளது உள்ளபடி சொல்லித் தொலைத்தேன். லூப் வைத்தவர்களை வீடு தேடி வந்து விசாரிப்பார்கள் என்று யாருக்குத் தெரியும்?

செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். அத்தை வாசலில் பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேரோடு கடலை உரித்துக்கொண்டிருந்தார். வந்த நர்ஸம்மா ஊருக்குப் புதுசு.

"பெரியநாயகி யாருங்க?"

"நான்தான்."

"வயசு... இருபத்து மூணா?" நர்ஸம்மா நோட்டைப் பார்த்தார். அத்தையின் நரைத்த தலையைப் பார்த்தார். "விராலிமலையில லூப் வச்சுக்கிட்டீங்களே, வலி, ரத்தப்போக்கு ஏதாச்சும் இருக்குங்களா?"

கடலை உரித்த கைகள் நின்றுவிட்டன. அத்தை மெல்லத் திரும்பி, கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற என்னைப் பார்த்தார். சாயங்காலமே பெட்டியோடு அம்மா வீட்டுக்கு அனுப்பிவிடுவார் என்று முடிவு கட்டிவிட்டேன்.

"வலியெல்லாம் ஒண்ணுமில்ல நர்ஸம்மா. சொகமா இருக்கேன்" என்றார் அத்தை.

நர்ஸம்மா குழம்பிப்போய் அதையும் எழுதிக்கொண்டு கிளம்பினார்.

"என்னக்கா இது... இந்த வயசுல?" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

"ஏன், நான் வச்சுக்கக் கூடாதா? கடலையப் பாத்து உரிடி!"

பிறகு அடுப்படிக்கு வந்தார். "ஏழு பெத்தேன். நாலுதான் தங்குச்சு. ஒவ்வொரு தடவையும் செத்துத்தான் பொழச்சேன். எங்கிட்ட சொல்லியிருந்தா ஒன்னையக் கடிச்சா தின்னுருப்பேன்?" என்றார். நான் அழுதுவிட்டேன்.

நாம் யாருக்குப் பயந்து ஒளிக்கிறோமோ, அவர்களுக்கு அந்த வலி நம்மைவிட நன்றாகவே தெரிந்திருக்கிறது. (அத்தையைக் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். இந்தத் தடவை அவர் பேரை மாற்றிவிட்டேன்.)

மாமனார்தான் பாவம் — அன்றிலிருந்து டீக்கடைப் பக்கமே தலைகாட்டவில்லை!